நேற்று யார் நிப்பாட்டினது? வடக்குக் கடலின் பழைய எஞ்சின்களும் மண்ணெண்ணெயும்

மஹய்யாவையில் வளர்ந்த எங்களுக்கு நிறையத் தண்ணீர் என்றால் அது கண்டி வாவிதான். கடலைப் பாடப் புத்தகத்தில் படித்திருக்கிறோம். கொழும்புக்குப் போன ஒன்றிரண்டு தடவை காலிமுகத்திடலில் நின்று பார்த்திருக்கிறோம். அவ்வளவுதான். படகு எஞ்சினைப் பற்றி நீங்கள் ஏன் எழுதுகிறீர்கள் என்று யாராவது கேட்டால் அது நியாயமான கேள்வி. பதில் மண்ணெண்ணெயில் இருக்கிறது. அதற்குப் பிறகு வருவோம்.

போன விடுமுறையில் நாங்கள் நான்கு பேர் யாழ்ப்பாணம் குருநகருக்குப் போனோம். பேராதனையில் எங்களோடு கலைப்பீடத்தில் படிக்கும் நண்பனின் வீடு அங்கே இருக்கிறது. அவனுடைய அப்பா கடற்தொழிலாளி. தொழிலுக்குப் போவதைப் பார்க்க வேண்டும் என்று நாங்கள் கேட்டதால், விடியப்புறம் எங்களையும் எழுப்பிக் கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். வலை ஏற்றியாகிவிட்டது. ஐஸ் பெட்டியும் ஏற்றியாகிவிட்டது. நண்பனின் தம்பி எஞ்சின் கயிற்றைப் பிடித்து இழுத்தான். எஞ்சின் ஒரு தடவை இருமியது. திரும்பவும் இழுத்தான். பத்து, பன்னிரண்டு தடவை இருக்கும். எங்களில் ஒருத்தன், "நான் ஒருக்கா இழுத்துப் பார்க்கவா அண்ணே?" என்று கேட்டு, இழுத்து, தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

அப்பா வலைப் பக்கத்திலிருந்து வந்தார். எஞ்சினைத் தொடவே இல்லை.

"விடு. இழுக்க இழுக்க பிளக் நனையும். நேற்று யார் நிப்பாட்டினது?"

தம்பி பதில் சொல்லவில்லை.

இன்றைக்கு ஸ்டார்ட் வராத எஞ்சினைப் பார்த்து நேற்றைப் பற்றி ஏன் கேட்கிறார் என்று எங்களுக்கு அப்போது விளங்கவில்லை. வரலாறு படிக்கிற எங்களுக்கு அது கொஞ்சம் வெட்கமான விஷயம்தான்.

கடற்றொழில் திணைக்களத்துப் படிவங்களில் இந்த எஞ்சினுக்கு வெளியிணைப்பு இயந்திரம் என்று பெயர். கரையில் யாரும் அப்படிச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. படகின் பின்பக்கப் பலகையில் வெளியே மாட்டுகிற, கையால் திருப்புகிற, கழற்றித் தோளில் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகக்கூடிய எஞ்சின். அன்றைக்கு மக்கர் பண்ணியது ஜப்பானில் செய்த ஒரு இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின். இலக்கத் தகடு உப்பில் அரித்துப்போய் எழுத்தே இல்லை. அப்பா வாங்கும்போதே அது பழசாம். மண்ணெண்ணெயில் ஓடுகிறது.

அந்தக் கடைசிச் சங்கதியில்தான் எல்லாமே இருக்கிறது. பெற்றோல் எந்தக் குளிரிலும் ஆவியாகும். மண்ணெண்ணெய் அப்படி இல்லை. நெருப்புப் பிடிக்கிற அளவுக்கு அதிலிருந்து ஆவி வருவதற்கே சுமார் 38 பாகை செல்சியஸ் சூடாவது வேண்டும். விடியப்புறக் குளிரில், இரவு முழுக்கப் பனியில் கிடந்த சிலிண்டருக்குள் மண்ணெண்ணெயை அனுப்பினால் அது நனைத்துவிட்டுச் சும்மா இருக்கும். அதனால் இந்த எஞ்சின்களுக்கு இரண்டு எண்ணெய். சின்னக் கலனில் பெற்றோல், பெரிய கலனில் மண்ணெண்ணெய், நடுவில் ஒரு டப். பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி, சில நிமிடம் ஓடி எஞ்சின் சூடானதும் டப்பைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். திரும்பி வரும்போது கரைக்குக் கொஞ்சம் முன்னாலேயே மறுபடி பெற்றோலுக்கு மாற்றி, குழாயிலும் காபரேட்டரிலும் கிடக்கிற மண்ணெண்ணெய் எரிந்து முடியும்வரை ஓடவிட்டு, பிறகுதான் நிறுத்த வேண்டும். அப்படி நிறுத்தினால் அடுத்த நாள் காலையில் காபரேட்டர் கிண்ணத்துக்குள் பெற்றோல் காத்திருக்கும். மறந்துபோய் மண்ணெண்ணெயிலேயே நிறுத்தினால், அடுத்த நாள் எத்தனை தடவை இழுத்தாலும் தோள்தான் வலிக்கும்.

"நேற்று யார் நிப்பாட்டினது?" என்றால் அர்த்தம் இதுதான்.

ஆனாலும் அவர் உடனே காபரேட்டருக்குப் போகவில்லை. முதலில் எண்ணெய்க் கலனின் மூடியில் உள்ள காற்றுத் திருகைத் தொட்டுப் பார்த்தார். அது பூட்டியிருந்தால் கலனுக்குள் காற்று போகாது, எண்ணெய் வெளியே வராது. பிறகு குழாயின் நடுவில் இருக்கிற ரப்பர் உருண்டையை அமுக்கினார். நாலைந்து அமுக்கலில் அது இறுகியது. இறுகாமல் தொளதொளவென்று இருந்தால் எங்கேயோ காற்று ஒழுகுகிறது என்று அர்த்தமாம். அடுத்ததாகத்தான் காபரேட்டருக்கு அடியில் இருக்கிற சின்ன ஸ்குறூவைத் தளர்த்தினார். வழிந்ததை விரலில் ஏந்தி எங்களிடம் நீட்டினார்.

"மணந்து பாருங்கோ பிள்ளையள்."

எங்களுக்கு அந்த மணத்தை யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. மஹய்யாவையில் அந்த மணத்தில் சமைத்த சோற்றைத்தான் சாப்பிட்டு வளர்ந்தோம். மண்ணெண்ணெய்.

இந்த எஞ்சின்கள் இங்கே எப்படி வந்தன என்பது ஓரளவு எழுதப்பட்ட வரலாறுதான், அதனால் வேகமாகச் சொல்லிவிடுகிறோம். 1909இல் அமெரிக்காவில் ஓலே எவின்றூட் என்பவர் கழற்றி மாட்டக்கூடிய படகு மோட்டாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அவர் நோர்வேயில் பிறந்தவர். இதற்கு முன்னும் வேறு ஆட்கள் முயன்றிருக்கிறார்கள், ஆனால் சந்தையில் நின்றது இவருடையது. 1960இல் யமஹா தன் முதல் படகு மோட்டாரை வெளியிட்டது, 1965இல் சுசுகி. இலங்கையில் 1950களிலிருந்தே மீன்பிடியை இயந்திரமயமாக்கும் வேலை தொடங்கியிருந்தது. முதலில் உள்ளே எஞ்சின் பூட்டிய மூன்றரைத் தொன் படகுகள், பின்னர் சின்னக் கண்ணாடியிழைப் படகுகளும் வெளியே மாட்டுகிற மோட்டார்களும். 1964இல் மீன்பிடிக் கூட்டுத்தாபனம் வந்தது.

யாழ்ப்பாணத்தில் இதற்கு இன்னொரு கிளைக்கதை இருக்கிறது. அன்ரனி ராஜேந்திரம் என்ற யாழ்ப்பாணத்தவர் 1956இல் நோர்வேக்குப் போனார். நோர்வேயின் முதல் தமிழர் என்று அவரைத்தான் சொல்வார்கள். அங்கே மீன்பிடித் தொழிலைப் பார்த்து, நோர்வே நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு அவர் தொடங்கிய முயற்சியிலிருந்துதான் 1960களின் பிற்பகுதியில் சீநோர் நிறுவனம் உருவானது. காரைநகரில் படகு கட்டும் தளம், குருநகரில் வலைத் தொழிற்சாலை. போருக்குள் அது அரசின் கைக்குப் போய்த் தெற்குக்கும் நகர்ந்தது. நோர்வே என்றால் நம் தலைமுறைக்குச் சமாதானப் பேச்சு மட்டும்தான் ஞாபகம் வரும். குருநகரில் வயதானவர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது வலையும் படகும்.

எழுதப்பட்ட வரலாறு பெரும்பாலும் இந்த இடத்தோடு நின்றுவிடுகிறது. இத்தனை மோட்டார் கொடுத்தோம், இத்தனை படகு கட்டினோம், உற்பத்தி கூடியது என்று. அந்த எஞ்சின்கள் கைக்கு வந்த பிறகு, அவற்றை ஓட்டுவதே குற்றமாகப் பார்க்கப்பட்ட காலத்தில், அந்த மனிதர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் எங்களுக்கு முக்கியமாகப் படுகிறது. அது அறிக்கைகளில் இல்லை. நண்பனின் அப்பா பிளக்கைக் கழற்றும் விதத்தில் இருக்கிறது.

பிளக்கைக் கழற்றினார். முனை கறுப்பாக, எண்ணெயில் ஊறி மினுங்கியது. பிளக் காய்ந்திருந்தால் எண்ணெய் வரவில்லை. நனைந்திருந்தால் எண்ணெய் வருகிறது, நெருப்பு வரவில்லை, அல்லது தேவைக்கு மேல் எண்ணெய் போய்விட்டது. கரி அப்பியிருந்தால் ஓயில் கலவை கூடிப்போச்சு. இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினுக்குத் தனியாக ஓயில் ஓடுவதற்கு வழி இல்லை, எரிபொருளோடு கலந்துதான் விட வேண்டும். பழைய எஞ்சின்கள் சில 25 பங்குக்கு ஒரு பங்கு கேட்கும். புதியவை 50க்கு ஒன்று போதும் என்னும். ஒன்றுக்கான அளவை மற்றதுக்கு விட்டால் ஒன்று கரி பிடிக்கும், மற்றது இறுகிப் போகும். இதையெல்லாம் அவர் பேசிக்கொண்டே, பிளக்கைத் துணியில் துடைத்து, வயர் பிரஷ்ஷால் தேய்த்து, தம்பியின் லைட்டரில் முனையைச் சூடுகாட்டினார். சூடு காட்டுவது எதற்கு என்று கேட்டோம்.

"அது அந்தக் காலத்துப் பழக்கம்," என்றார்.

அந்தக் காலம் என்றால் 1990க்குப் பிந்திய காலம். உண்மையில் அதற்கும் முன்னாலேயே கடல் பூட்டப்படத் தொடங்கிவிட்டது. 1984இல் அரசாங்கம் வடக்குக் கடலைக் கண்காணிப்பு வலயமாக்கியது. அதைத் தொடர்ந்து தடைசெய்யப்பட்ட வலயமும் வந்தது. 1983க்கு முன்னால் நாட்டின் மீன்பிடியில் பெரிய பங்கைக் கொடுத்த கடல் அது. 1986 ஜூன் 10ஆம் திகதி மண்டைதீவுக் கடலில் தொழிலுக்குப் போன மீனவர்கள் முப்பது பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலானவர்கள் குருநகர்க்காரர்கள். நாங்கள் நின்றுகொண்டிருந்த கரையிலிருந்து மண்டைதீவு கண்ணுக்குத் தெரிகிற தூரம்தான்.

1990 ஜூனில் இரண்டாம் கட்டப் போர் தொடங்கியதும் வடக்குக்குப் பொருளாதாரத் தடை விழுந்தது. பெற்றோல், டீசல், பற்றரி, சீமெந்து, உரம் என்று பட்டியல் நீளம். மின்சாரமும் நின்றது. மண்ணெண்ணெய் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக, பங்கீட்டில் வந்தது. அதனால் யாழ்ப்பாணமே மண்ணெண்ணெயில் ஓடியது. பழைய ஓஸ்ரின் கார்கள், மோட்டார் சைக்கிள்கள், நீர் இறைக்கும் பம்புகள், எல்லாம். பிள்ளைகள் ஜாம் போத்தல் விளக்கில் படித்துச் சோதனை எழுதினார்கள். போத்தலுக்குள் சொற்ப எண்ணெய், அதில் பஞ்சு, மேலே ஒரு திரி. ஒரு வீட்டில் ஒரு போத்தல் மண்ணெண்ணெய் இருந்தால், அது அடுப்புக்கா, பிள்ளையின் விளக்குக்கா, அப்பாவின் எஞ்சினுக்கா என்பது தினசரிக் கேள்வி.

மண்ணெண்ணெயில் ஓடலாம் சரி, ஸ்டார்ட் பண்ணுவதற்குப் பெற்றோல் வேண்டுமே? அதற்குத்தான் மூளையைப் பாவித்தார்கள். அழுத்தினால் பீய்ச்சுகிற சின்ன பிளாஸ்டிக் போத்தலில் கொஞ்சம் பெற்றோல். காபரேட்டருக்குள் நாலு சொட்டு, கயிற்றை இழு, எஞ்சின் பிடித்ததும் மண்ணெண்ணெய் அந்தப் பிடியிலேயே தொடர்ந்து எரியும். சொட்டுப் பெற்றோலும் இல்லாத நாட்களில் பிளக்கைக் கழற்றி நெருப்பில் சூடாக்கி, சுடச்சுடத் திரும்பப் பூட்டி இழுப்பார்கள். நண்பனின் அப்பாவின் கையில் இருந்தது அந்தப் பழக்கம். பெற்றோலுக்கென்று செய்த எஞ்சின் மண்ணெண்ணெயில் அடித்துக்கொண்டு ஓடும். அதற்கு சிலிண்டர் தலைக்குக் கீழே இன்னொரு கஸ்கட் வைத்து அழுத்தத்தைக் குறைப்பார்களாம். ஜப்பான் கம்பனிகள் ஆய்வுகூடத்தில் செய்து மண்ணெண்ணெய் மாதிரி என்று விற்ற அதே வேலையை இவர்கள் மரத்தடியில் செய்திருக்கிறார்கள். மாற்று எரிபொருள், உள்ளூர்த் தொழில்நுட்பம் என்றெல்லாம் நாம் இப்போது கருத்தரங்கு வைக்கிறோம். இவர்களை யாராவது கூப்பிட்டார்களா தெரியவில்லை.

பிளக்கை வயரில் மாட்டி, எஞ்சின் உடம்பில் அதன் உலோகப் பகுதி படும்படி பிடித்து, தம்பியை இழுக்கச் சொன்னார். அதற்கு முன்னால் பெற்றோல் கலனைத் தள்ளி வைக்கச் சொன்னதையும் எழுதிவிட வேண்டும், யாராவது வீட்டில் செய்து பார்த்தால் எங்களைத் திட்டுவார்கள். ஒரு பொறி வந்தது. மஞ்சளாக, மெலிந்து. நல்ல பொறி நீலமாக, டக் என்று சத்தத்தோடு வர வேண்டும். எஞ்சினின் மேல் மூடியைத் தூக்கி, பிளைவீலில் இருக்கிற ஓட்டைக்குள்ளால் உள்ளே காட்டினார். இரண்டு சின்ன உலோக முனைகள் தொட்டும் விலகியும் நெருப்பை வரச்செய்கிற இடம், பொயின்ற் என்பார்கள். உப்புக் காற்றில் அதில் பூசணம் பிடிக்கும். மெல்லிய மண்கடதாசித் துண்டை இடையில் விட்டு இரண்டு தரம் இழுத்தெடுத்தார். புதிய எஞ்சின்களில் இந்த வேலையே இல்லை, மின்னணுப் பெட்டி ஒன்று இருக்கும். அது பழுதானால் பெட்டியை மாற்ற வேண்டும், மண்கடதாசி உதவாது.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த எஞ்சினில் பற்றரி கிடையாது. பிளைவீலில் காந்தம் இருக்கிறது. கயிற்றை இழுத்தால் காந்தம் சுற்றும், பக்கத்துச் சுருளில் மின்சாரம் பிறக்கும், அதுதான் பொறி. ரேடியோ கேட்பதற்குச் சைக்கிள் டைனமோவை மிதிக்க வேண்டியிருந்த ஊரில், தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே செய்துகொண்ட பொருட்களில் இதுவும் ஒன்று. தடை எதை நிறுத்தப் பார்த்ததோ அதில் பாதி இந்த எஞ்சினுக்குத் தேவையே இல்லை. புதிய எஞ்சின் கொண்டுவர முடியாத வருடங்களில் பழசு அழியாமல் இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம். கரையில் கிடக்கிற பழைய எஞ்சினைப் பார்த்து, இவங்க இன்னும் பழைய முறையிலேயே இருக்கிறாங்க என்று நினைக்கத் தோன்றும். எங்களுக்கும் தோன்றியது. ஒரு தலைமுறைக்குப் புதியதை வாங்க விடவில்லை என்பதுதான் காரணம்.

எஞ்சின் ஸ்டார்ட் வராவிட்டால் உயிர் போகும் என்ற நிலை கிளாலியில் இருந்தது. 1991 ஆனையிறவுச் சமருக்குப் பிறகு குடாநாட்டுக்குத் தரைவழி இல்லை. பூநகரியில் இராணுவ முகாம் இருந்ததால் சங்குப்பிட்டிப் பாதையும் இல்லை. மிஞ்சியது கிளாலியிலிருந்து நீரேரியைக் கடந்து மறுகரையில் நல்லூர் என்ற இடத்துக்குப் போவது. ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், பல்கலைக்கழகத்துக்குப் போகிறவர்கள், கொழும்பில் விசா எடுக்கப் போகிறவர்கள் எல்லோரும் அந்த வழிதான். புலிகளின் கட்டுப்பாட்டில் அந்தப் படகுச் சேவை நடந்தது. சனம் காசு கொடுத்துத்தான் போனது. கடற்படை அந்த நீரேரியைத் தடைசெய்த பகுதி என்று சொல்லியிருந்தது. அதனால் இரவில், விளக்கில்லாமல் போக வேண்டும். எஞ்சின் பூட்டிய ஒரு படகின் பின்னால் எஞ்சின் இல்லாத படகுகளைக் கயிற்றில் ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டி இழுப்பார்கள். 1993 ஜனவரி 2ஆம் திகதி அப்படிப் போன பொதுமக்கள் கடற்படையினரால் கொல்லப்பட்டார்கள். அது ஒரு தடவையோடு முடியவும் இல்லை.

நடு நீரேரியில் எஞ்சின் நின்றால் அந்தக் கயிற்றில் இருக்கிற அத்தனை பேரும் நிற்க வேண்டியதுதான். ரோர்ச் அடித்துப் பிளக் பார்க்க முடியாது. பக்கத்தில் பிள்ளை அழும். இந்த ஓட்டிகளின் தொழில் அறிவு முழுக்க விரல் நுனிக்கு வந்தது அங்கேதான் என்று நினைக்கிறோம். நண்பனின் அப்பா அப்போது இளந்தாரி. அவருடைய சின்னையாவோடு கொஞ்சக் காலம் அங்கே நின்றிருக்கிறார். கேட்டதற்கு அவர் சொன்னது சொற்பம்.

"சேட்டுப் பொக்கற்றுக்குள்ளை ரெண்டு பிளக் துணியிலை சுத்தி எந்த நேரமும் இருக்கும். உடம்புச் சூட்டிலை காய்ஞ்சிருக்கும். இருட்டிலை மாத்தப் பழகிட்டம்."

அதற்கு மேல் அவர் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை. வாய்மொழி வரலாறு எடுப்பது எப்படி என்று எங்களுக்கு ஒரு பாடமே இருக்கிறது. அதில் எப்போது கேட்காமல் விட வேண்டும் என்பதற்கு அரைப் பக்கம்கூட இல்லை.

புலிகளிடமும் இதே எஞ்சின்கள்தான் இருந்தன என்பதை மறைத்துவிட்டு எழுதினால் அது நேர்மையாகாது. கடற்புலிகளின் படகுகளைத் தள்ளியதும் வெளியே மாட்டுகிற மோட்டார்கள்தான், கூடிய குதிரைவலுவில். அதைக் காரணம் காட்டித்தான் அரசாங்கம் மீனவரின் எஞ்சினுக்கும் குதிரைவலு எல்லை போட்டது, பாஸ் கேட்டது, நேரம் குறித்தது. இரண்டு பக்கத்துக்கும் அது ஆயுதத்தின் ஒரு பாகம். குருநகரில் அது சோறு.

1995 கடைசியில் இராணுவம் யாழ்ப்பாண நகரைப் பிடித்த பிறகும் கடல் திறக்கவில்லை. எத்தனை மணிக்குப் போகலாம், எவ்வளவு தூரம் போகலாம் என்று முகாமில் கேட்க வேண்டும். 2002 பெப்ரவரிப் போர்நிறுத்த உடன்படிக்கையை நாங்கள் அரசியல் விஞ்ஞானப் பாடத்துக்காகப் படித்தோம். அதில் மீன்பிடிக்கென்று ஒரு பிரிவு இருப்பதை அப்போது யாரும் எங்களுக்குக் காட்டவில்லை. 90 நாட்களுக்குள் பகல், இரவு மீன்பிடிக் கட்டுப்பாடுகளை நீக்க வேண்டும். ஆனால் கரையோரப் படைமுகாம்களின் இரண்டு பக்கமும் ஒரு கடல்மைலுக்கும், கடலுக்குள் இரண்டு கடல்மைலுக்கும் மீன்பிடிக்க முடியாது. துறைமுகங்கள், குடாக்கள், கழிமுகங்களிலும் முடியாது. வடக்குக் கரையில் எத்தனை முகாம் இருந்தது என்று யோசித்தால், இதில் எவ்வளவு கடல் மிஞ்சும் என்று கணக்குப் போடலாம். அதே உடன்படிக்கையின் இணைப்பில் தடை தொடரும் பொருட்களின் பட்டியல் இருக்கிறது. திசைகாட்டியும் பென்லைட் பற்றரியும் அதில் உண்டு. கடலுக்குப் போகிறவனிடம் திசைகாட்டி இருக்கக் கூடாது!

2004 டிசம்பரில் சுனாமி. அதன்பிறகு உதவி நிறுவனங்கள் புதிய படகுகளும் எஞ்சின்களும் கொண்டுவந்து கொடுத்தன. கிழக்கிலும் வடமராட்சிப் பக்கமும் பல கரைகளில் பழைய எஞ்சின்கள் அப்போதுதான் மறைந்தன. 2006இல் மறுபடி போர், மறுபடி கட்டுப்பாடு. 2009க்குப் பிறகு பாஸ் முறை போனது, இந்திய இழுவைப் படகுகளின் தொல்லை பெரிதானது. சின்ன எஞ்சின் பூட்டிய கண்ணாடியிழைப் படகுக்காரன் விரித்த வலையை இழுவைப் படகு அறுத்துக்கொண்டு போவது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

இனி மண்ணெண்ணெய். 2022இல் நாடே வரிசையில் நின்றபோது, கண்டியில் நாங்கள் நின்றது மண்ணெண்ணெய் வரிசையில். கேஸ் இல்லை. மஹய்யாவையில் மாநகர சபைத் துப்புரவுத் தொழிலாளர் குடியிருப்புகளில் பாதிப் பேருக்குக் கேஸ் எப்போதுமே இருந்ததில்லை. பக்கத்து வீட்டு அம்மாக்கள் விடிய முன்னமே போய் வரிசையில் கேன் வைத்து, அதில் பெயர் எழுதி, வேலைக்குப் போய்விட்டு வருவார்கள். கேன் தன் பாட்டில் வரிசையில் நிற்கும். அந்த நாட்களில் வடக்கிலும் கிழக்கிலும் மண்ணெண்ணெய் இல்லாமல் படகுகள் கரையில் கிடந்ததாக நண்பன் சொல்வான். ஒரே வரிசையின் இரண்டு முனைகள் என்று எங்களுக்குத் தோன்றவில்லை. பசியில் அப்படியெல்லாம் தோன்றாது.

2022 ஆகஸ்ட் 21 நள்ளிரவில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவானது. ஒரே இரவில் 253 ரூபா. நட்டத்துக்கு விற்க முடியாது என்பது அரசின் விளக்கம். அதில் உண்மை இல்லாமலும் இல்லை, நீண்ட காலம் அது மானிய விலையில்தான் விற்கப்பட்டது. ஆனால் இந்த நாட்டில் மண்ணெண்ணெய் யாருடைய எரிபொருள் என்று பாருங்கள். தோட்டத்து லயத்து அடுப்பு, நகரத்துத் தொழிலாளர் குடியிருப்பின் அடுப்பு, கரையோரத்து எஞ்சின். தொழிலுக்கு ஒரு தடவை போய்வர 20 லீற்றர் என்று வைத்துக்கொள்வோம். 1,740 ரூபாவுக்குப் போனவர் அடுத்த நாள் 6,800 ரூபா கொடுக்க வேண்டும். அன்றைக்கு மீன் படுமா என்று யாருக்குத் தெரியும்? விலை அதன்பிறகு இறங்கியும் ஏறியும் இருக்கிறது. 87க்குத் திரும்பவில்லை.

இப்போது தம்பி ஏன் பதில் சொல்லவில்லை என்ற இடத்துக்கு வருவோம். அவன் மறக்கவில்லை. முதல் நாள் கரைக்கு வரும்போது வேண்டுமென்றே பெற்றோலுக்கு மாற்றாமல் மண்ணெண்ணெயிலேயே நிறுத்தியிருக்கிறான். அரைப் போத்தல் பெற்றோல் மிச்சமாகும் என்று. பிடிபட்ட மீன் காணாத நாள் அது. அப்பா திட்டத் தொடங்கினார், பாதியில் விட்டுவிட்டார்.

இப்படி ஒரு எஞ்சின் ஸ்டார்ட் வராததற்குக் காரணம் எழுதச் சொன்னால் மெக்கானிக் புத்தகம் காபரேட்டரில் மண்ணெண்ணெய் தேங்கியது என்று எழுதும். அது சரி. பழசான பொயின்ற் என்று எழுதும். அதுவும் சரி. பொயின்ற் ஏன் இவ்வளவு பழசு, மண்ணெண்ணெய் ஏன் தேங்கியது என்று கேட்டுக்கொண்டு போனால் புத்தகம் கைவிட்டுவிடும். அதற்கு 1984இலிருந்து தொடங்க வேண்டும். நாங்கள் வழக்கமாக ஆவணம் தேடிப் போவது சுவடிக்கூடத்துக்கு. அங்கே கடிதங்களும் வர்த்தமானிகளும் கிடைக்கும், தடை போட்டவர்களின் கையெழுத்து கிடைக்கும். தடைக்குள் இருந்தவர்கள் எழுதி வைத்தது குறைவு. அவர்களுக்கு எழுத நேரமில்லை, விளக்குக்கு எண்ணெயும் இல்லை.

காபரேட்டர் கிண்ணத்தை முழுக்க வடித்து, ரப்பர் உருண்டையை அமுக்கிப் பெற்றோல் நிரப்பி, சூடான பிளக்கைப் பூட்டி, "இப்ப இழு" என்றார். முதல் இழுவையில் வரவில்லை. இரண்டாவதில் எஞ்சின் பிடித்தது. வெள்ளைப் புகை எங்கள் முகத்தில் அடித்தது. உடனே அவர் பார்த்தது எஞ்சினின் பக்கத்தில் இருக்கிற சின்னத் துளையை. அதிலிருந்து தண்ணீர் மெல்லிய கோடாகப் பீய்ச்ச வேண்டும். பீய்ச்சாவிட்டால் குளிர்த்துகிற தண்ணீர் ஏறவில்லை, கொஞ்ச நேரத்தில் எஞ்சின் வெந்துவிடும். கரையில் தண்ணீரில்லாமல் ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கவே கூடாதாம், அடியில் இருக்கிற ரப்பர்ச் சில்லு கருகிவிடும். தண்ணீர் பீய்ச்சியது. எங்களில் ஆண்கள் இரண்டு பேரை மட்டும் ஏற்றினார்கள். பெண்பிள்ளைகள் கரையில் நிற்கட்டும் என்றார்கள். அதைப் பற்றி பஸ்ஸில் திரும்பும்போது எங்களுக்குள் நடந்த சண்டை இன்னும் முடியவில்லை.

மதியத்துக்கு முன் திரும்பினார்கள். கரைக்கு இன்னும் கொஞ்சத் தூரம் இருக்கும்போதே தம்பி குனிந்து டப்பைத் திருப்பினான். எஞ்சின் சத்தம் கொஞ்சம் மெலிந்து மாறியதைக் கரையில் நின்றவர்களாலும் கேட்க முடிந்தது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை, கரைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். படகு தரை தட்டியதும் எஞ்சினை நிறுத்தி, அடி ஸ்குறூவைத் தம்பியே தளர்த்தி, விரலை எங்களிடம் நீட்டினான்.

பெற்றோல்.